பின்னணிச் சரிபார்ப்பு அறிக்கையும் அதன் சிவப்புக் கட்டமும்: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

கோயம்புத்தூரில் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தங்களை எடுத்துச் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் நான் பங்குதாரர். எங்களிடம் அறுபதுக்குச் சற்றுக் குறைவான ஊழியர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலோர் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்த இளைஞர்கள். மென்பொருள் பூங்காக்களும் பெரிய மருத்துவமனைகளும் தங்கள் கட்டடத்துக்குள் கால் வைக்கும் ஒவ்வொரு டெக்னீஷியனுக்கும் பின்னணிச் சரிபார்ப்பு அறிக்கை வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதத் தொடங்கியபோது, வேறு வழியின்றி அத்தகைய அறிக்கைகளைத் தயாரித்துத் தரும் ஒரு தனியார் நிறுவனத்தில் சந்தா கட்டினோம். மனிதவளத் துறையினர் ‘பி.ஜி.வி.’ என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். இரண்டு ஆண்டுகளில் 43 அறிக்கைகள் வாங்கியிருக்கிறோம். நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. வேறு இரண்டு நிறுவனங்களிடம் மாதிரி அறிக்கை வாங்கிப் பார்த்தபோதும் நான் சொல்லப்போகும் குறை அப்படியே இருந்ததால், ஒருவரை மட்டும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவது முறையாகாது.

முதலில் அவர்கள் நன்றாகச் செய்வதைச் சொல்லிவிடுகிறேன். முகவரிச் சரிபார்ப்புக்கு ஆள் நேரிலேயே போகிறார். கதவு எண் தெரியும்படி படம் எடுத்து, அக்கம்பக்கத்தில் ஒருவரிடமாவது விசாரித்து எழுதுகிறார். கல்விச் சான்றிதழ்களை வழங்கிய நிறுவனத்துக்கே எழுதி உறுதி செய்கிறார்கள். ஒரு போலிச் சான்றிதழ் எங்கள் கண்ணில் படாமல் தப்பி அவர்களிடம் அகப்பட்டது. ஆளுக்கு 1,100 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., ஏழு வேலை நாட்களில் அறிக்கை. இந்தப் பகுதிகளுக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் தயங்காமல் போடுவேன்.

என் மனக்குறை முழுவதும் ‘நீதிமன்றப் பதிவுச் சோதனை’ என்ற தலைப்பில் வரும் நான்காம் பக்கத்தைப் பற்றியது. அந்தப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். எதுவும் அகப்படாவிட்டால் பச்சை. ஏதேனும் அகப்பட்டால் சிவப்பு. சிவப்புக் கட்டத்துக்குள் ‘பதிவு உள்ளது’ என்ற இரண்டு சொற்களும், அவற்றின் கீழே ஒரு வழக்கு எண்ணும், நீதிமன்றத்தின் பெயரும் இருக்கும். எங்களுக்கு வந்த 43 அறிக்கைகளில் ஐந்தில் சிவப்புக் கட்டம் வந்தது. அந்த ஐந்து பேரில் ஒருவர்கூட எந்த நீதிமன்றத்தாலும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டவர் இல்லை. நான்கு பேர் மீதான வழக்குகள் நிலுவையில் இருந்தன. ஐந்தாவது வழக்கு எங்கள் ஆள் மீதானதே அல்ல. கட்டடத்தின் பாதுகாப்பு அதிகாரி அறிக்கையைத் திறந்ததும் பார்ப்பது நிறத்தைத்தான் என்பதால், இந்த வேறுபாடுகள் எதுவும் அவரைப் போய்ச் சேர்வதில்லை.

முதல் சிவப்புக் கட்டம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளைஞருடையது. வேலையில் கெட்டிக்காரர், கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்தால் பழுது எங்கே என்று மூக்கால் மோந்து கண்டுபிடிப்பவர் என்று எங்கள் ஃபோர்மேன் சொல்வார். அறிக்கையை மேசைமேல் வைத்து, “தம்பி, உன்மேல ஏதாவது கேஸ் இருக்கா?” என்று கேட்டபோது அவருக்கு முதலில் விளங்கவில்லை. வழக்கு எண்ணில் இருந்த ஆண்டைப் பார்த்த பிறகுதான் நினைவு வந்தது. 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, மருந்து வாங்கப் போன வண்டியைப் போலீஸார் நிறுத்தியிருக்கிறார்கள்; நிலையத்துக்கு அழைத்துப் போய், கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஸ்டேஷன் ஜாமீனில் அனுப்பிவிட்டார்கள். “அது அன்னைக்கே முடிஞ்சிருச்சுங்கண்ணா, வண்டியக்கூடத் திருப்பிக் குடுத்துட்டாங்க” என்றார். வண்டி திரும்பி வந்தால் வழக்கும் முடிந்தது என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை. சம்மன் எதுவும் அவர் கைக்கு வரவே இல்லை.

அன்று இருவரும் உட்கார்ந்து ‘ஈகோர்ட்ஸ்’ இணையதளத்தில் அந்த வழக்கைத் தேடினோம். இந்தச் சேவையைப் பயன்படுத்தாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கட்டணம் எதுவும் இல்லை, மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, பெயராலோ, வழக்கு எண்ணாலோ, காவல் நிலையமும் முதல் தகவல் அறிக்கை எண்ணும் கொண்டோ, 16 எழுத்துகளும் எண்களும் கலந்த சி.என்.ஆர். எண்ணாலோ தேடலாம். வழக்கைத் திறந்தால் எந்தச் சட்டப் பிரிவு, எந்தக் காவல் நிலையம், வழக்கு எப்போது கோப்புக்கு எடுக்கப்பட்டது, இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது, அடுத்த வாய்தா என்றைக்கு, இதற்கு முன் எத்தனை வாய்தா போயிருக்கிறது என்று எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். இந்திய தண்டனைச் சட்டம் பிரிவு 188, அதாவது அரசு அலுவலரின் உத்தரவை மீறியது. பிரிவு 269, அதாவது நோய் பரவக்கூடிய வகையில் கவனக்குறைவாக நடந்துகொண்டது. இரண்டுக்குமே உச்சத் தண்டனை ஆறு மாதம். எஸ்.டி.சி. என்று தொடங்கும் சுருக்க விசாரணை வழக்கு எண். வழக்கின் நிலை: எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, சம்மன். ஒவ்வொரு வாய்தாவிலும் அதே சொல். இத்தனை விவரமும் இலவசமாகக் கிடைக்கும் இடத்திலிருந்து எடுத்துத்தான் எங்களிடம் காசு வாங்கிய நிறுவனம் ‘பதிவு உள்ளது’ என்ற இரண்டு சொற்களை மட்டும் தந்திருந்தது.

இந்த வகை வழக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தமிழ்நாட்டில் இப்போது முப்பது வயதுக்குள் இருக்கும் ஆட்களை வேலைக்கு எடுப்பவர்களுக்கு இது அடிக்கடி எதிர்ப்படும். ஊரடங்கு விதிமீறல் தொடர்பாகப் பதிவான ஏறத்தாழ 10 லட்சம் வழக்குகள் கைவிடப்படும் என்று அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி 2021 பிப்ரவரியில் கடையநல்லூரில் அறிவித்தார். அறிவிப்பு வந்ததும் எல்லாம் துடைக்கப்பட்டுவிட்டது என்று மக்கள் நினைத்துக்கொண்டார்கள். ஆனால் குற்றப்பத்திரிகை தாக்கலாகி நீதிமன்றம் கோப்புக்கு எடுத்துவிட்ட வழக்கை அரசு நினைத்த மாத்திரத்தில் அழித்துவிட முடியாது. அரசு வழக்கறிஞர் அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321ஆம் பிரிவின்படி, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 360ஆம் பிரிவின்படி, மனுப் போட்டு நீதிமன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். ஏதோ ஒரு சிறு ஊர் நீதிமன்றத்தில் ஏதோ ஒரு கோப்புக் கட்டில் அந்த மனு போடப்படாமல் விடுபட்டிருந்தால், அந்த வழக்கு இன்றைக்கும் நிலுவைதான். அறிக்கையில் இன்றைக்கும் சிவப்புதான். இன்னொன்றும் உண்டு. 188ஆம் பிரிவுக் குற்றத்துக்கு உரிய அரசு அலுவலர் எழுத்துமூலம் புகார் தந்தால்தான் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கலாம் என்பதும், போலீஸார் அதற்கு முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய முடியாது என்பதும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2018 செப்டம்பரிலேயே கரூர் மாவட்ட வழக்கொன்றில் தெளிவாகச் சொன்னது. அதாவது அறிக்கையில் சிவப்பாக நிற்கும் அந்தப் பதிவின் ஒரு பகுதி சட்டப்படி நிற்கவே முடியாததாக இருக்கலாம். ஆனாலும் யாராவது உயர் நீதிமன்றம் போய் ரத்து செய்யும்வரை அது பட்டியலில் இருந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது சிவப்புக் கட்டம் தெருச் சண்டை. 294(பி), 323, 506(1): இந்த மூன்று எண்களும் ஒன்றாக வந்தால், கெட்ட வார்த்தை பேசினார், கையால் அடித்தார், மிரட்டினார் என்று பொருள். 2024 ஜூலையில் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய சட்டம் வரும்வரை, தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் அக்கம்பக்கத்துத் தகராறு எதுவாக இருந்தாலும் வழக்கமாக இந்தக் கூட்டணியில்தான் முடிந்தது. தண்ணீர்க் குழாய் தகராறில் எங்கள் ஊழியர் மேல் புகார் கொடுத்தவர் அவருடைய பக்கத்து வீட்டுப் பெரியப்பாவேதான். இப்போது இரு வீட்டாரும் பேசிக்கொள்கிறார்கள். பொங்கலுக்குக் கரும்பு கைமாறுகிறது. ஆனாலும் வழக்கு உயிரோடு இருக்கிறது. அடித்ததையும் மிரட்டியதையும் இருவரும் சமரசம் செய்து நீதிமன்றத்திலேயே முடித்துக்கொள்ளலாம். கெட்ட வார்த்தை பேசிய 294(பி) மட்டும் சமரசம் செய்யக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லாததால், அதற்கு உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட வேண்டும் அல்லது விசாரணை நடந்து தீர்ப்பு வர வேண்டும். அடியைவிட வசவு நீடித்து நிற்கும் விந்தையை எந்த அறிக்கையாலும் ஒரு சிவப்புக் கட்டத்துக்குள் விளக்கிவிட முடியாது என்பது உண்மைதான். ஆனால் சட்டப் பிரிவுகளை எழுதியிருந்தால் படிப்பவர் பாதியைப் புரிந்துகொண்டிருப்பார்.

மூன்றாவது சாலை விபத்து வழக்கு. காப்பீட்டு வழக்கோடு சேர்ந்து நகர்ந்துகொண்டிருப்பது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

நான்காவதுதான் உண்மையிலேயே யோசிக்க வைத்தது. கோயில் திருவிழா மோதல் ஒன்றில் கொலை முயற்சிக் குற்றச்சாட்டு, பிரிவு 307. இங்கே அறிக்கை இரண்டு வழக்குகள் இருப்பதாகச் சொன்னது: மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பி.ஆர்.சி. என்ற தொடக்கநிலைப் பதிவு எண் ஒன்று, அமர்வு நீதிமன்றத்தில் எஸ்.சி. என்ற அமர்வு வழக்கு எண் ஒன்று. நீதிமன்ற நடைமுறை தெரிந்த யாரும் பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள், இது ஒரே வழக்கு என்று. அமர்வு நீதிமன்றம் மட்டுமே விசாரிக்கக்கூடிய குற்றமானால், வழக்கு முதலில் மாஜிஸ்திரேட்டிடம் பி.ஆர்.சி. எண்ணில் தொடங்கும், நகல்கள் வழங்கப்பட்ட பிறகு அவர் அதை அமர்வு நீதிமன்றத்துக்கு ஒப்படைப்பார், அங்கே அது புதிய எஸ்.சி. எண்ணைப் பெறும். எதிரிகளில் ஒருவர் தலைமறைவாகி அவர் பங்கு தனியே பிரிக்கப்பட்டால் மூன்றாவது எண்கூட வரும். எண்களை எண்ணிப் பார்த்து வழக்குகளின் எண்ணிக்கை என்று எழுதுவது, ஒரே ஆளின் ஆதார் அட்டையையும் ரேஷன் அட்டையையும் பார்த்துவிட்டு இரண்டு பேர் என்று எழுதுவதற்குச் சமம். ‘தொடர் குற்றப் பின்னணி, கவனம் தேவை’ என்று ஒரு குறிப்பையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். அந்த ஊழியரை நாங்கள் நீக்கவில்லை. வாடிக்கையாளர் கட்டடங்களுக்கு அனுப்பாமல் எங்கள் பட்டறையில் வைத்திருக்கிறோம். வழக்கு சாட்சி விசாரணைக் கட்டத்தில் இருக்கிறது. இதைச் சரியான முடிவு என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன், ஆனால் ஒரு முடிவு எடுக்க எனக்கு வேண்டியிருந்த செய்தி ‘சாட்சி விசாரணை’ என்ற அந்தச் சொல்தான். அது அறிக்கையில் இல்லை.

ஐந்தாவது, ஆள் மாறாட்டம். இங்கே நான் நிறுவனத்தின்மேல் வைக்கும் குற்றச்சாட்டு கடுமையானது, ஏனெனில் இது தவிர்க்கக்கூடியது. தமிழ்ப் பெயர்களுக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது. பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து நிற்கும். அது தந்தை பெயரின் முதல் எழுத்து. விண்ணப்பத்தில் அந்த எழுத்தை விரித்து எழுதச் சொன்னால் சிலர் அதை முதலில் எழுதுவார்கள், சிலர் கடைசியில் எழுதுவார்கள், சிலர் ஊர்ப் பெயரையும் சேர்ப்பார்கள். நீதிமன்றப் பட்டியலில் எதிரியின் பெயர் பெரும்பாலும் வெறும் பெயராகவே இருக்கும். வயதோ, தந்தை பெயரோ, முகவரியோ பல நேரங்களில் இருக்காது. பெயரும் ஆங்கில எழுத்தில் ஏறுகிறது. செந்தில்குமார் என்ற பெயரை ஒரே சொல்லாக எழுதுவதா, இரண்டாகப் பிரிப்பதா, ‘த’வுக்கு ‘எச்’ சேர்ப்பதா வேண்டாமா என்பது அன்றைக்குத் தட்டச்சு செய்தவரின் கையில் இருக்கிறது. எழுத்து மாறினால் உண்மையான வழக்கு தப்பிவிடும். எழுத்து ஒத்துப்போனால் ஊரில் உள்ள அத்தனை செந்தில்குமார்களும் வந்து நிற்பார்கள். எங்கள் ஊழியருக்கு வந்த சிவப்புக் கட்டம் அவர் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த ஆண்டில் பதிவான மணல் கடத்தல் வழக்கு. ஆண்டைப் பார்த்தாலே சந்தேகம் வந்திருக்க வேண்டும். உண்மையிலேயே அந்த வயதில் அவர் மேல் ஒரு வழக்கு இருந்திருந்தாலும் அது சிறார் நீதி வாரியத்துக்குப் போயிருக்கும். முடிந்துபோன அத்தகைய வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றுக்காகக்கூடப் போலீஸார் வெளியிடக் கூடாது என்று 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. பெயர் எந்த அளவுக்கு ஒத்துப்போகிறது, தந்தை பெயர் ஒத்துப்போகிறதா, முகவரி ஒத்துப்போகிறதா என்று மூன்று வரி எழுதுவதற்குப் பதிலாக, பெயர் ஒன்றே போதும் என்று சிவப்பைப் பூசிவிட்டார்கள். எதிர்ப்புத் தெரிவித்து எழுதியதும் 11 நாட்கள் கழித்துப் பச்சைக் கட்டத்தோடு புதிய அறிக்கை வந்தது. வருத்தம் தெரிவித்து ஒரு வரிகூட இல்லை. அந்த 11 நாட்களும் அவருக்குச் சம்பளம் கொடுத்தது நாங்கள்தான்.

இதற்கு நேர் எதிரான ஒரு செய்தி. பச்சைக் கட்டம் வந்த ஒருவர் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காக மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 10,000 ரூபாய் அபராதம் கட்டி, அன்றே வெளியே வந்தவர். அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். சட்டத்தின் கண்ணில் அது தண்டனை. ஆனால் எங்கள் சந்தாத் திட்டத்தில் நிலுவையில் உள்ள வழக்குகளை மட்டுமே தேடுவார்களாம். முடிந்த வழக்குகளுக்குத் தனிக் கட்டணமாம். இதனால் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியவர் பச்சையாகவும், நான் செய்யவில்லை என்று வழக்கை நடத்திக்கொண்டிருப்பவர் சிவப்பாகவும் வருகிறார்கள். இரவில் லிஃப்ட் பழுதுபார்க்க வேனை ஓட்டிக்கொண்டு போக வேண்டிய தொழிலில் எனக்கு இந்த இரண்டில் எது முக்கியம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அறிக்கையின் வேறொரு குருட்டுப் பகுதி, முதல் தகவல் அறிக்கை பதிவாகி இன்னும் குற்றப்பத்திரிகை தாக்கலாகாத வழக்குகள். இவை நீதிமன்றத்தின் வழக்குப் பட்டியலில் வழக்கு எண் எதையும் பெற்றிருக்காது, காவல் நிலையப் பதிவில் மட்டுமே இருக்கும். போலீஸார் பேச்சில் இவை ‘யு.ஐ.’, அதாவது புலன் விசாரணையில் இருப்பவை. குற்றப்பத்திரிகை போனவை ‘பி.டி.’, அதாவது விசாரணை நிலுவை. தனியார் நிறுவனங்களால் நீதிமன்றப் பட்டியலைத் தேட முடிகிறதே தவிர, காவல்துறையின் குற்றப் பதிவு வலையமைப்புக்குள் நேரடியாக நுழைய முடியாது. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டிருந்தாலும், பாலியல் குற்றங்கள் போன்ற கவனமாகக் கையாள வேண்டிய வழக்குகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே பச்சைக் கட்டம் என்றால் ஒருவர் மேல் எதுவுமே இல்லை என்று பொருள் கொள்வதும் தவறு. வெறும் மனு ரசீதை, அதாவது சி.எஸ்.ஆர். நகலை, வழக்கு என்று பயந்துகொண்டிருப்பவர்களும் உண்டு. அது புகார் வந்து சேர்ந்ததற்கான ஒப்புகை மட்டுமே.

இந்த இடத்தில் தமிழ்நாடு காவல்துறை இணையவழியில் நடத்தும் காவல்துறைச் சரிபார்ப்புச் சேவையை ஒப்பிட்டுச் சொல்வது பொருத்தம். தனிநபர், வேலை, வாடகைதாரர், வீட்டு வேலையாள் என்று வகை பிரித்து விண்ணப்பிக்கலாம். இது காவல்துறையின் சொந்தப் பதிவுகளோடு ஒப்பிடுவதால், நீதிமன்றத்தை எட்டாத வழக்குகளையும் தொடக்கூடியது. விண்ணப்பதாரரே விண்ணப்பித்துத் தன் கையில் பெற்றுக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய நன்மை; தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் அவரே பார்க்கிறார். எங்கள் தனியார் அறிக்கை முதலில் எங்களுக்கு வருகிறது, பிறகு வாடிக்கையாளருக்குப் போகிறது. யாரைப் பற்றியதோ அவர்தான் கடைசியில் பார்க்கிறார், அதுவும் நாங்கள் காட்டினால்.

‘நிலுவை’ என்ற சொல்லை ஒவ்வோர் அலுவலகமும் ஒவ்வொரு விதமாக எடை போடுகிறது என்பதையும் இந்த இரண்டு ஆண்டுகளில் கற்றுக்கொண்டேன். கடவுச்சீட்டுச் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவு, இந்தியாவில் உள்ள குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் கடவுச்சீட்டை மறுக்க வேண்டும் என்கிறது. ஆனால் 1993 ஆகஸ்ட் 25ஆம் தேதியிட்ட அறிவிக்கை, நீதிமன்றத்தின் அனுமதியோடு வந்தால் கொடுக்க வழி செய்திருக்கிறது, காலவரை எதுவும் நீதிமன்றம் குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்கு. அரசு வேலையைப் பொறுத்தவரை, அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2016 ஜூலையில் தந்த தீர்ப்பு நிதானமானது: அற்பமான வழக்கொன்று நிலுவையில் இருப்பதை விண்ணப்பதாரர் மறைக்காமல் சொல்லியிருந்தால், அந்த வழக்கின் முடிவுக்கு உட்பட்டு அவரை நியமிக்கலாம், வழக்கு இருப்பதே அவருக்குத் தெரியாமல் இருந்திருந்தால், குற்றத்தின் கடுமையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும், படிவத்தில் கேட்கப்படும் கேள்வி பொத்தாம்பொதுவாக இல்லாமல் குறிப்பாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் காவலர் பணி இதற்கு எதிர்முனையில் நிற்கிறது. சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதும் விதியைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008இல் ஏற்றுக்கொண்டது. தனியார் நிறுவனங்களை இவற்றில் எதுவும் கட்டுப்படுத்தாது. எங்கள் வாடிக்கையாளரின் பாதுகாப்பு அதிகாரி எதை ஏற்பார் என்பது அன்றைக்கு அவர் இருக்கும் மனநிலையைப் பொறுத்தது.

படிவம் என்றதும் நினைவுக்கு வருகிறது. சரிபார்ப்பு நிறுவனம் ஊழியரிடம் கையெழுத்து வாங்கச் சொல்லி அனுப்பும் ஒப்புதல் படிவத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: ‘உங்கள் மீது குற்றப் பின்னணி ஏதேனும் உள்ளதா? ஆம் / இல்லை.’ மருந்து வாங்கப் போன இளைஞர் ‘இல்லை’ என்று டிக் அடித்திருந்தார். அறிக்கையில் சிவப்பு வந்ததும் ‘தகவலை மறைத்துள்ளார்’ என்று தானாகவே ஒரு வரி சேர்ந்துவிட்டது. குற்றப் பின்னணி என்றால் என்ன? கைதா, முதல் தகவல் அறிக்கையா, குற்றப்பத்திரிகையா, தண்டனையா? கேள்வியில் இல்லாத தெளிவைப் பதிலில் தேடுவது எந்த ஊர் நியாயம்? நாங்கள் அந்தப் படிவத்தைக் கிடப்பில் போட்டுவிட்டு, எங்கள் வக்கீலை வைத்துத் தமிழில் நான்கு தனிக் கேள்விகள் தயாரித்தோம்: உங்கள் மீது முதல் தகவல் அறிக்கை பதிவானது தெரியுமா, குற்றப்பத்திரிகை நகல் வாங்கியிருக்கிறீர்களா, நீதிமன்றத்தில் ஆஜரானீர்களா, எப்போதாவது அபராதம் கட்டியிருக்கிறீர்களா. நான்காவது கேள்விக்கு வந்த பதில்கள் மட்டும் தனி மதிப்புரைக்கு ஆகும்.

வாடிக்கையாளர் சேவையைப் பற்றி ஒரு வார்த்தை. தொலைபேசியை உடனே எடுக்கிறார்கள், மரியாதையாகவும் பேசுகிறார்கள். ஆனால் பேசுபவருக்கு வாய்தாவுக்கும் தீர்ப்புக்கும் வேறுபாடு தெரியவில்லை. வழக்கு முடிந்தது என்று மட்டுமே பொருள்படும் ‘டிஸ்போஸ்டு’ என்ற சொல்லுக்கு விடுதலை என்று பொருள் என்று ஒருவர் எனக்கே விளக்கினார். நான் மூன்று மாற்றங்கள் கேட்டு எழுதினேன்: சட்டப் பிரிவையும் வழக்கு நிற்கும் நிலையையும் கட்டத்துக்குள்ளேயே எழுத வேண்டும், நிலுவை, தண்டனை, விடுதலை ஆகியவற்றுக்குத் தனித்தனி நிறம் வேண்டும், வாடிக்கையாளருக்குப் போகுமுன் ஊழியருக்கு ஐந்து நாட்கள் மறுப்புச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். முதல் கோரிக்கையைப் பாதி நிறைவேற்றியிருக்கிறார்கள். இப்போது சட்டப் பிரிவு வருகிறது, வழக்கின் நிலை வருவதில்லை. மற்ற இரண்டுக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதில்தான், அதுவும் நிலுவை.

இந்த ஆண்டு சந்தாவைப் புதுப்பித்தபோது நீதிமன்றப் பதிவுச் சோதனையை மட்டும் நீக்கச் சொல்லிவிட்டேன். ஆளுக்கு 350 ரூபாய் குறைந்தது. அந்த 350 ரூபாயை இப்போது எங்கள் வக்கீல் அலுவலகத்துக் குமாஸ்தாவிடம் கொடுக்கிறேன். அவர் ஊழியரை எதிரே உட்கார வைத்து, தந்தை பெயர், பழைய முகவரிகள், பிறந்த ஊர் எல்லாம் கேட்டுக்கொண்டு, அந்தந்த நீதிமன்ற வளாகத்தின் பட்டியலை ஆண்டு ஆண்டாகத் தேடுகிறார். பெயர்த் தேடலில் பதிவு ஆண்டையும் கொடுத்தாக வேண்டும் என்பதால், பத்து ஆண்டுக்குப் பத்து தேடல், இணையதளம் படமாகக் காட்டும் கோணல்மாணல் எழுத்துகளை (கேப்சா) பத்து முறை தட்டச்சு செய்ய வேண்டும். பல வளாகங்கள் என்றால் அத்தனை மடங்கு. பெயரை நான்கு விதமாக எழுதிப் பார்ப்பதும் அவர் வழக்கம். முடிவில் ஒரு பக்கக் குறிப்பு எழுதுகிறார். வக்கீல் கையெழுத்துப் போடுகிறார். இரண்டு வாடிக்கையாளர்கள் இதை ஏற்றுக்கொண்டார்கள். மருத்துவமனை மட்டும் இன்னும் அச்சடித்த பச்சைக் கட்டம்தான் வேண்டும் என்கிறது, அவர்களுக்கு மட்டும் பழைய முறையிலேயே வாங்கிக் கொடுக்கிறோம்.

பொள்ளாச்சி இளைஞருக்காக உயர் நீதிமன்றத்தில் போட்ட ரத்து மனுவுக்கு எண் கிடைத்திருக்கிறது. குமாஸ்தா எழுதிக் கொடுத்த குறிப்பின் ஓரத்தில் அடுத்த வாய்தாவைப் பென்சிலால் குறித்திருக்கிறார். தேதி மாறினால் அழித்து எழுத வசதியாக இருக்குமாம்.